தடைக்காலத்து வாதங்கள்: விளையாட்டு, சினிமா, ஊடகச் சார்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது. ஐபிஎல் போட்டிகளின் பெரும்பகுதியும் கோடை விடுமுறைப் படங்களும் அதே நாள்களில்தான் வருகின்றன. ஆகவே இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் ஆகிய ஊர்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடங்களிலும், வலைக் கொட்டகைகளிலும், தேநீர்க் கடைகளிலும் ஆண்டின் மிக நீண்ட வாதங்கள் அப்போதுதான் நடக்கின்றன. அந்த வாதங்களுக்கு நடுவே எங்கள் படிப்பகத்திற்கு வந்து பழைய நாளிதழ்களைப் புரட்டியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சுதானே, இதற்கு எதற்கு விளக்கமும் விதியும்?

பொழுதுபோக்காகவே இருக்கட்டும். ஆனால் ஒரு பந்து நோபாலா இல்லையா என்று தொடங்கும் பேச்சு, கால் மணி நேரத்தில் "அந்த சேனல் விலைபோய்விட்டது", "பேப்பர்காரன் அவர்கள் ஆள்" என்று போய் நிற்கிறது. முதலாவது விதி சார்ந்த கேள்வி. இரண்டாவது பிறரின் நேர்மையின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுபவர்தான் சான்று காட்ட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் உள்ள நடைமுறை. ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஓர் ஊடகம் ஒருதலைப்பட்சமானது என்று சொல்ல எவ்வளவு சான்று போதும்?

ஒரே ஒரு செய்தியை வெட்டி எடுத்துக் காட்டி எதையும் நிறுவ முடியாது. தரப்பு மட்டும் மாறிய அதே போன்ற இன்னொரு நிகழ்வை அதே நாளிதழ் எப்படி எழுதியது என்று தேடிப் பார்க்க வேண்டும். நம் அணித் தலைவர் நடுவரோடு மோதியபோது "ஆவேசம்" என்றும், எதிரணித் தலைவர் மோதியபோது "அத்துமீறல்" என்றும் எழுதியிருந்தால், அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம். செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது, யாருடைய கூற்று நேரடியாகத் தரப்பட்டது, யாரிடம் கேட்கவே இல்லை என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொய்யான செய்தி அடுத்த நாளே மறுக்கப்பட்டுவிடும். கேட்கப்படாமல் விடப்பட்ட தரப்பைப் பற்றி யாரும் மறுப்பு அனுப்புவதில்லை என்பதால், சார்பு பெரும்பாலும் அங்கேதான் தங்குகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாச் செய்தி அறையிலும் பிழை நேர்கிறது. அந்தப் பிழைகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் அது கவனக்குறைவு. மாதக்கணக்கில் எல்லாப் பிழையும் ஒரே தரப்புக்குச் சாதகமாக விழுந்துகொண்டிருந்தால் அப்போது சார்பு என்று சொல்லலாம்.

பார்க்கிற நாமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்?

பெரும்பாலும் சாய்ந்துதான் இருக்கிறோம். 1951-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரி அணிகளுக்கு இடையே முரட்டுத்தனமான ஒரு கால்பந்தாட்டம் (அவர்கள் நாட்டு முறைக் கால்பந்தாட்டம்) நடந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்களின் கணக்கில் இரு அணிகளும் ஏறக்குறைய சமமாகவே தவறு செய்திருந்தன. பிரின்ஸ்டன் மாணவர்களோ, தங்கள் அணி செய்ததைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட தவறுகளை எதிரணி செய்ததாக எண்ணினார்கள். படச்சுருள் ஒன்றுதான். முடிவுகள் 1954-இல் வெளியாயின.

1985-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வல்லோன், ராஸ், லெப்பர் ஆகியோர் இதே சோதனையைச் செய்திக்குப் பொருத்திப் பார்த்தார்கள். 1982-இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பைப் பார்த்த இஸ்ரேல் ஆதரவாளர்கள் அது இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள். அதையே பார்த்த அரபு ஆதரவாளர்கள் அது அரபுத் தரப்புக்கு எதிரானது என்றார்கள். சென்னை அணிக்காரரும் மும்பை அணிக்காரரும் ஒரே வர்ணனையைக் கேட்டுவிட்டு, "இவர் உங்கள் ஆள்" என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவது இதே வகைதான். இரு தரப்பும் குறை சொல்வதால் ஊடகம் நடுநிலையானது என்று ஆகிவிடாது. ஆனால் நம் உணர்வு மட்டும் சான்றாகாது என்பதற்கு இந்த ஆய்வுகள் போதும்.

கிரிக்கெட் வர்ணனையாளர்கள் ஏன் எதையும் துணிந்து விமர்சிப்பதில்லை?

அவர்களுக்கு ஊதியம் கொடுப்பது யார் என்று பாருங்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. அந்தத் தொகையைக் கொடுத்து வாங்கிய நிறுவனங்கள், தாங்கள் விற்க வேண்டிய ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்று தங்கள் நேரலையிலேயே சொல்லிக்கொள்ளுமா? வர்ணனையாளர்கள் கிரிக்கெட் வாரியத்தோடோ ஒளிபரப்பாளரோடோ ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். அவர்களைச் செய்தியாளர்களாக எண்ணி, அந்த அளவுகோலால் அளந்து ஏமாறுவது நம் தவறு. வாரியத்தின் நிர்வாகம், வீரர்களின் ஊதியம், ஆடுகளத் தயாரிப்பு ஆகியவை பற்றிய விமர்சனத்தை ஒளிபரப்பில் பங்கு இல்லாத நாளிதழ்களில்தான் தேட வேண்டும். அங்கேயும் அதே வாரியத்தின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் நிருபர் மைதானத்துக்குள் நுழைய முடியும் என்பதை நினைவில் வைத்துப் படிப்பது நல்லது.

நடுவர்கள் விலைபோகிறார்கள் என்பது உண்மையா?

சந்தேகம் பழையது, கிரிக்கெட் அதற்கு ஏற்பாடுகளைத் தேடிக்கொண்டது. 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட் போட்டிக்கு, இந்திய நடுவர்களான வி.கே. இராமசாமியும் பிலு ரிப்போர்ட்டரும் அழைக்கப்பட்டார்கள். 1994 முதல் ஒரு நடுவரும் 2002 முதல் இரு நடுவர்களும் டெஸ்ட் போட்டிகளில் ஆடும் இரு நாடுகளையும் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. கொரோனாக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது.

இப்போது பெரும்பாலான சண்டை எல்பிடபிள்யூ மேல்முறையீட்டில்தான். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பந்துகளில் ஒன்றுக்கு அவுட், மற்றொன்றுக்கு நாட் அவுட் வந்தால் உடனே "மேட்ச் ஃபிக்ஸிங்" என்கிறோம். விதியோ இதுதான்: பந்தின் பாதியாவது குச்சியில் படும் என்று கணினி காட்டினால்தான் களநடுவர் சொன்ன நாட் அவுட் மாற்றப்படும், அதற்குக் குறைவாக உரசிச் செல்வதாகக் காட்டினால் அவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். கணினி கணிக்கும் பாதையிலும் சிறு பிழைக்கு இடம் உண்டு என்பதால் வைக்கப்பட்ட விதி இது. விதி பிடிக்கவில்லை என்று வாதாடலாம், பலர் வாதாடுகிறார்கள். ஆனால் நடுவரின் நேர்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

2016, 2017 ஆண்டுகளில் சென்னை அணி நீக்கப்பட்டது ஊடகச் சதிதானே?

இல்லை. அணியோடு தொடர்புடைய நிர்வாகி ஒருவர் பந்தயத்தில் ஈடுபட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015 ஜூலையில் சென்னை, இராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை இரண்டு ஆண்டுகளுக்கு நீக்கியது. அதைப் பற்றிச் சில சேனல்கள் நாள்கணக்கில் கூச்சலிட்டன என்பதும் உண்மை. கூச்சல் மிகையாக இருந்தது என்பதால் குற்றம் இல்லை என்று ஆகாது. அந்த அணி 2018-இல் திரும்பி வந்து கோப்பையை வென்றது தனிக் கதை.

பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யார்? எங்கள் கடையில் ஆண்டுதோறும் இதே சண்டை.

எனக்கு மிகவும் பிடித்த சண்டை இது, ஏனென்றால் ஊடகச் சார்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அருகில் கிடைக்கும் பாடம் எங்கள் கரையில் வேறு இல்லை. இந்தியப் பொதுஅறிவு நூல்களில் பெரும்பாலும் மிகிர் சென் பெயர்தான் இருக்கும். அவர் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். ஆனால் வடஇலங்கையின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954-இலேயே வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திக் கடந்திருக்கிறார். அதே வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971-இல் போக வர இரு முறையும் ஒரே பயணமாக நீந்தினார். இந்த இரு பெயர்களும் அக்கரையில் சிறுவர்களுக்கும் தெரியும். இக்கரையில் கேட்டால் பெரியவர்களும் யோசிப்பார்கள்.

இங்கே யாரும் பொய் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். "முதல் இந்தியர்" என்று தொடங்கிய குறிப்பு ஒவ்வொரு பிரதியிலும் சுருங்கி, "முதல் மனிதர்" என்று ஆகிவிடுகிறது. எந்த வழி என்பதும் விடுபட்டுவிடுகிறது: தலைமன்னார்–தனுஷ்கோடி வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வல்வெட்டித்துறை–கோடியக்கரை வழி அதைவிட நீளம். ஆகவே கடையில் சண்டை மூளும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த வழி, ஒருவழியா இருவழியா, எந்த நாட்டவரில் முதல் என்பதுதான். அதை வகுத்துக்கொண்டாலே பாதிச் சண்டை முடிந்துவிடும். மீதிப் பாதியும் முடிந்துவிட்டால் தடைக்காலத்தில் பேச என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார்.

பின்னாளில் ஈரோட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994-இல் இந்த நீரிணையைக் கடந்தான். 2022 மார்ச்சில், ஆட்டிசம் உள்ள 13 வயதுச் சிறுமி ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடங்களில் நீந்தி வந்தாள். சாதனைக்கு மறுநாள் படத்தோடு செய்தி வரும். அதற்கடுத்த நாள் மீண்டும் கிரிக்கெட்.

தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டி ஏன் பெரிய செய்தியாவதில்லை? இதுவும் சார்பா?

சார்புதான், ஆனால் யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட சார்பு அல்ல. தமிழ் நாளிதழ்கள் ஊர்வாரியாகப் பல பதிப்புகள் அச்சிடுகின்றன. இராமநாதபுரம் மாவட்டச் செய்திக்கென்று தனிப் பக்கம் உண்டு. தொண்டிக் கடலில் நடக்கும் போட்டி அந்தப் பக்கத்தில் படத்தோடு வரும், சென்னைப் பதிப்பில் ஒரு வரியும் வராது. நாம் அதைப் படித்து மகிழ்வதால் உலகமே படித்தது என்று எண்ணிக்கொள்கிறோம். மறுபுறம், சிறு ஊர்களின் பகுதிநேர நிருபர்களில் பலர் வெளியாகும் செய்திக்கு ஏற்பத் தொகை பெறுபவர்கள். எது அச்சேறும் என்று அவர்களுக்குத் தெரியும், அதையே அனுப்புவார்கள். விபத்தும் கைதும் உறுதியாக அச்சேறும்.

கபடிக்கும் நெடுங்காலம் இதே நிலை இருந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டு 2014 வரை ஆடவர் தங்கம் ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்கே வந்தபோதும் அது ஓரச் செய்தியாகவே இருந்தது. 2014-இல் தொலைக்காட்சிக்கென்றே புரோ கபடி தொடங்கி, 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்த பிறகுதான் நம் கடைகளில் வீரர்களின் பெயர்கள் புழங்கத் தொடங்கின. ஆட்டம் மாறவில்லை, அதில் பணம் போட்டவர்கள் மாறினார்கள்.

படத்தின் வசூல் எவ்வளவு என்பதை எதை வைத்து நம்புவது?

எதை வைத்தும் முழுதாக நம்ப முடியாது. ஒவ்வொரு படத்தின் வசூலையும் தணிக்கை செய்து பொதுவில் வெளியிடும் அமைப்பு நம் நாட்டில் இல்லை. சுவரொட்டியில் வரும் எண் தயாரிப்பாளர் தருவது. இணையத்தில் வரும் எண் பெரும்பாலும் மதிப்பீடு. போதாததற்கு, மூன்று வெவ்வேறு தொகைகளை ஒன்றாகக் குழப்புகிறோம். நுழைவுச்சீட்டு விற்ற மொத்தத் தொகையில் ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் அடங்கும். வரி போனால் நிகரம். அதில் திரையரங்கின் பங்கு போக வினியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். ஒரு ரசிகர் தன் நாயகனின் மொத்த வசூலையும், எதிர் நாயகனின் ஷேரையும் வைத்துக்கொண்டு வாதாடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இருவரும் சொன்ன எண் சரியாகவே இருந்தாலும் அந்த வாதம் செல்லாது. மேலும், வசூல் நல்ல படம் என்பதற்குச் சான்றும் அல்ல. அது ரசனை, அதில் தீர்ப்பு கேட்டு யாரும் படிப்பகத்துக்கு வர வேண்டாம்.

விமர்சகர்கள் பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார்களா?

சிலர் வாங்கலாம், பெயர் சொல்லிக் குற்றம் சாட்டச் சான்று வேண்டும். பணமோ பரிசோ பெற்று ஒரு பொருளைப் புகழ்பவர், அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2024 இறுதியில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது; நீதிமன்றம் அப்படித் தடைவிதிக்க மறுத்தது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. பணம் கொடுத்து முந்நூறு அடி கட்அவுட்டும் முழுப்பக்க விளம்பரமும் வைக்க உரிமை இருக்குமானால், சீட்டு வாங்கிப் பார்த்தவருக்குப் படம் பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை இல்லாமல் போகுமா?

கட்சிச் சேனல்களை என்ன செய்வது?

கட்சிச் சேனல் என்று தெரிந்தே பார்ப்பதில் ஆபத்து குறைவு. 1999-இல் ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர், 2010-இல் கேப்டன் என்று வந்த தொலைக்காட்சிகள் யாருடையவை என்பதைத் தமிழ்நாட்டில் எவரும் சொல்லிவிடுவார்கள். கவனம் தேவைப்படுவது வணிகம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில். சன் குழுமத்துக்குத் தொலைக்காட்சியும் உண்டு, நாளிதழும் உண்டு, படத் தயாரிப்பும் உண்டு, 2013 முதல் ஹைதராபாத் ஐபிஎல் அணியும் உண்டு. இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் ஒரே வீட்டின் படத்தை அதே வீட்டின் சேனல் "மாபெரும் வெற்றி" என்று சொல்லும்போது அதை விளம்பரமாகக் கேட்க வேண்டும்.

டிஆர்பி அதிகம் என்றால் நம்பகம் அதிகம் என்று பொருளா?

இல்லை. சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு பார்க் என்ற அமைப்பு கணக்கிடும் பார்வையாளர் அளவு அது. 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை முறைகேட்டு வழக்கு ஒன்றைப் பதிந்ததும் செய்திச் சேனல்களுக்கான கணக்கு நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்தது. அந்த வழக்கை அரசு பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மீனவர் கைதுச் செய்திகளில் எந்த ஊடகம் உண்மையைச் சொல்கிறது?

கிரிக்கெட்டில் தொடங்கும் வாதம் எங்கள் பக்கம் எப்படியும் இங்கே வந்து சேர்ந்துவிடுகிறது, ஏனென்றால் செய்தியில் இருப்பவர்கள் நாங்களே. இராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் செல்கின்றன. ஆகவே கைதுச் செய்திகள் பெரும்பாலும் அடுத்த நாள் காலையில் வருகின்றன. எங்கள் நாளிதழ்களில் எத்தனை பேர், எத்தனை படகுகள், எந்தச் சிறை, வேலைநிறுத்தம் எப்போது என்பவை இருக்கும். அதே நாளின் யாழ்ப்பாண நாளிதழில் எத்தனை றோலர்கள் (இழுவைப் படகுகள்) எந்தக் கரைக்கு அருகில் வந்தன, உள்ளூர் மீனவர்களின் வலைகள் எத்தனை அறுந்தன என்பவை இருக்கும். இரண்டும் தமிழில்தான் அச்சாகின்றன, இரண்டிலும் தகவல் சரியாகவே இருக்கலாம். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கச் செய்தியில் வழக்கமாக விடுபடுவன: போர்க்காலத்தில் கடலுக்குச் செல்ல முடியாமல் கிடந்த வடபகுதி மீனவர்கள் 2009-க்குப் பிறகுதான் மீண்டும் தொழிலுக்கு வந்தார்கள் என்பதும், கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியை இலங்கை 2017-இல் தன் நாட்டவருக்கும் சேர்த்தே சட்டத்தால் தடைசெய்தது என்பதும். அவர்கள் பக்கம் விடுபடுவன: 1974, 1976 ஒப்பந்தங்களால் எல்லை வகுக்கப்படுவதற்கு முன்பு இரு கரையாரும் ஒரே கடலில் தொழில் செய்தார்கள் என்பதும், பறிக்கப்படும் படகு பலருக்கு வாழ்நாள் கடன் என்பதும், படகில் கூலிக்குப் போனவர் படகின் உரிமையாளர் அல்லர் என்பதும். தில்லி ஆங்கிலச் சேனல்களில் இரண்டுமே விடுபட்டு, தேர்தல் நெருங்கும்போது கச்சத்தீவு மட்டும் வரும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு அப்படித்தான் வந்தது.

எங்கள் கரைக்குள்ளேயே இன்னொரு தரப்பு இருப்பதையும் யாரும் எளிதில் எழுதுவதில்லை. நாட்டுப்படகு மீனவர்கள், இழுவை மடியால் தங்கள் வலைகளும் மீன்குஞ்சுகளும் அழிவதாக நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். "இராமேசுவரம் மீனவர்கள்" என்று ஒரே சொல்லில் எழுதும்போது விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் குரல்தான் அனைவரின் குரலாக அச்சாகிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி, மீனவர்களே பேசும் மேடையாக அந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்த்தது.

எந்த ஊடகம் உண்மை என்று கேட்டால், இரு கரை நாளிதழ்களையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள் என்பதே என் பதில். இது புதிய யோசனை அன்று. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அகில இந்திய வானொலியையும் இலங்கை வானொலியையும் ஒரே பெட்டியில் முள்ளைத் திருப்பித் திருப்பிக் கேட்டு வளர்ந்தவர்கள். 1982-இல் ரூபவாகினி வந்த பிறகு அக்கரைத் தொலைக்காட்சியும் ஆண்டெனாவில் சிக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தனுஷ்கோடி வண்டி இராமேசுவரத்தில் நிற்காமல் போனதால், ஓடும் இரயிலிலிருந்து நாளிதழ்க் கட்டுகள் வெளியே வீசப்பட்டன. அவற்றைப் பொறுக்கி வந்து வீடுகளுக்குக் கொடுத்த சிறுவர்தான் பிற்காலக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். செய்திக்கு அவ்வளவு அலைந்த ஊர், இன்று கைப்பேசியில் இரு கரையும் இலவசமாகக் கிடைக்கும்போது ஒரு கரையை மட்டும் படிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இலங்கை வீரர்கள், இலங்கை தொடர்பான படங்கள் என்று வரும்போது விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அந்த ஒரு வாக்கியம் வாதத்தை முடித்துவிடாது. 2013-இல் தமிழ்நாட்டு அரசின் எதிர்ப்பை அடுத்து, சென்னையில் நடந்த ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடவில்லை. 2020-இல் முத்தையா முரளிதரன் வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி எதிர்ப்பின் காரணமாக விலகினார். இவற்றில் குறைந்தது மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன: ஓர் அரசின் செயலுக்கு அந்நாட்டு விளையாட்டு வீரர் பொறுப்பாவாரா, அந்த வீரர் தாமே சொன்ன சொற்களுக்கு அவரைப் பொறுப்பாக்கலாமா, ஒருவரை எதிர்ப்பதற்கும் அவர் தொழிலைத் தடுப்பதற்கும் இடையே கோடு எங்கே? முதல் கேள்விக்கு "இல்லை" என்றும் இரண்டாவதற்கு "ஆம்" என்றும் ஒரே ஆள் முரண்பாடின்றிச் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன். போரில் உறவை இழந்து மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் இருக்கும் கரை இது. அங்கே இதைக் கேலியாகப் பேசுபவரோடு வாதம் செய்வதைவிட எழுந்து போவது மேல்.

வாதம் சூடேறி மரியாதை போய்விட்டால்?

"மாப்ளே" என்று தொடங்கியவர் "ஏய்" என்று மாறும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கீழக்கரையில் எதிர்த்துப் பேசும்போதும் மூத்தவரைக் "காக்கா" (அண்ணன்) என்று விளித்துவிட்டே பேசும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். கருத்து கடுமையாக இருந்தாலும் கேட்பவர் காதை மூடிக்கொள்வதில்லை. பந்தயம் கட்டிக்கொண்டு வாதாடுவது வேண்டாம். பணம் வந்த பிறகு யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை.

சான்று கையில் இருக்கிறது. முறையாக எங்கே புகார் செய்வது?

நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள்: எந்த நாள், எந்தப் பக்கம், எந்த வாக்கியம், சரியான தகவல் எது என்பவை போதும். மறுமொழி இல்லாவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு அனுப்பலாம். 1966-இல் அமைக்கப்பட்டு, நெருக்கடி நிலையின்போது கலைக்கப்பட்டு, 1979-இல் மீண்டும் அமைந்த மன்றம் அது. நாளிதழ், வார இதழ்ச் செய்திகளுக்கு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் செய்தி வெளியான தாளும் இணைக்கப்பட வேண்டும். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதமோ தண்டனையோ விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. சேனல் மீதான புகாரை முதலில் அந்தச் சேனலின் குறைதீர் அலுவலரிடமே கொடுக்க வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி அவர் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, 15 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவு இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் தற்கட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கு மேல் மத்திய அரசின் குழுவுக்கும் செல்லலாம். ஒளிபரப்பான நாளும் நேரமும் இல்லாத புகார் முதல் படியிலேயே நின்றுவிடும், ஆகவே அவற்றை அப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுவோர் மாலையில் படிப்பகத்துக்கு வரலாம்.